மோட்டார் வண்டியும் மாநில எல்லையும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. டில்லியில் கரோல் பாக், மும்பையில் மாதுங்கா, பெங்களூரில் அல்சூர் என்று நகரந்தோறும் நம்மவர் தழைத்த இடங்கள் உண்டு. இத்தகைய குடும்பங்களில் என்றேனும் ஒரு நாள் கார் வாங்கும் பேச்சு எழுகிறது. புதிய வண்டிக்குப் பணம் போதாதபோது, பிறர் ஓட்டிய வண்டியை நியாய விலைக்கு வாங்கி, ஓய்வு பெற்றபின் ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறோம். அல்லது, கோயமுத்தூரில் இருக்கும் தம்பி, "அங்கே நல்ல வண்டி மலிவாகக் கிடைக்குமாமே, பார்த்து அனுப்புங்கள்" என்று நமக்கு எழுதுகிறான்.

வண்டியை வாங்குவது எளிது. அதை ஊரில் நம் பெயருக்குப் பதிவு செய்யும்போதுதான் படிவங்களும், சான்றுகளும், வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன. "ஒரே நாடுதானே, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் மறுபடி ஏன் பதிய வேண்டும்?" என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இதற்கு விடை அதிகாரிகளின் மனப்போக்கில் இல்லை; நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவருக்கு ஒவ்வொரு காகிதமும் ஏன் கேட்கப்படுகிறது என்பது விளங்கும். எதைக் கைவிட்டால் என்ன கேடு நேரும் என்பதும் விளங்கும்.

வண்டிக்கு எண் இடும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் காவல்துறையினர், மோட்டார் வண்டிகள் அடையாளத் தகடு தாங்கிச் செல்லவேண்டும் என்று ஆணையிட்டனர். பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டின் சட்டம், 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா மோட்டார் வண்டிகளையும் பதிவு செய்யும்படி விதித்தது. அங்கே ஒவ்வொரு வட்டார மன்றத்துக்கும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துக்களோ ஒதுக்கப்பட்டன. ஒரு விஷயத்தை நாம் கவனிக்கவேண்டும். பிரிட்டனில் ஒரு வட்டாரத்தில் பதிவான வண்டியை வேறொரு வட்டாரத்துக்குக் கொண்டு சென்றாலும் அதன் எண் மாறுவதில்லை. எண் வண்டியோடு பிறந்து, வண்டியோடு மடிந்தது. நமது நாடும் அம்முறையைத்தான் பின்பற்றத் தொடங்கியது. ஆயினும் வழியில் வேறு திசையில் திரும்பிவிட்டது. அந்தத் திருப்பம் எங்கே ஏற்பட்டது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

இந்தியாவில் முதலில் மாகாணங்களே தனித்தனியே சட்டம் செய்தன. வங்காளம் 1903-லும், பம்பாய் 1904-லும், சென்னை 1907-லும் மோட்டார் வண்டிச் சட்டங்களை இயற்றின. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் 1903-ஆம் ஆண்டிலேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து வீதியில் ஓட்டிக் காட்டியிருந்தனர். சென்னை நகரத்தில் பதிவான வண்டிகளுக்கு எம்.சி. என்ற எழுத்துக்கள் வழங்கின. எம்.சி. 1 என்ற எண்ணைத் தாங்கிய வண்டி, துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவர்களுடையது என்று சென்னை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1912-ஆம் ஆண்டில் அதே துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, பின்னர் உலகப் புகழ் எய்திய கணித மேதை ராமானுஜனுக்கு ஆதரவு தந்தவரும் இவரே.

மாகாணத்துக்கு ஒரு சட்டம் இருந்தால், எல்லை கடந்து ஓடும் வண்டிக்குத் தொல்லை நேரும் என்பதை அரசினர் விரைவில் உணர்ந்தனர். ஆகவே 1914-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பொதுவான மோட்டார் வண்டிச் சட்டம் ஏற்பட்டது. பதிவும் ஓட்டுநர் உரிமமும் பொதுச் சட்டத்தின்கீழ் வந்தன. நுணுக்கமான விதிகளைச் செய்யும் அதிகாரம் மாகாணங்களிடமே விடப்பட்டது. ஆயினும் இச்சட்டம் சமஸ்தானங்களைக் கட்டுப்படுத்தவில்லை. மைசூர், திருவிதாங்கூர், கொச்சி, ஹைதராபாத் முதலியவை தத்தம் ஏற்பாட்டின்படி நடந்தன. திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகிறவர் வழியில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் எல்லைக்குள் புகுந்தே வெளியேற வேண்டியிருந்தது. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பயணம் செய்தவர்களுக்கும் எல்லை என்பது புதிய அனுபவம் அன்று.

அடுத்து வந்தது பணத்தைப் பற்றிய பிரச்சினை. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகச் சாலைகள் பழுதுபட்டன. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப்பின் சாலைகள் பெரும்பாலும் மாகாணங்களின் பொறுப்பாயிருந்தன. அவற்றைச் செப்பனிடப் போதிய பணம் இல்லை. 1927-ஆம் ஆண்டில் எம். ஆர். ஜயகர் அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் அறிக்கையை ஒட்டி 1929-ஆம் ஆண்டில் பெட்ரோல்மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டு, மத்தியச் சாலை நிதி உருவாயிற்று. ஆனால் வண்டியின்மீது விதிக்கும் வரி மாகாணங்களின் கையில் இருந்தது. பஞ்சாப் 1924-லும், சென்னை 1931-லும், வங்காளம் 1932-லும், பம்பாயும் ஐக்கிய மாகாணமும் 1935-லும் மோட்டார் வண்டி வரிச் சட்டங்களைச் செய்துகொண்டன.

பிரிட்டனுக்கும் நமக்கும் வழி பிரிந்தது இங்கேதான். பிரிட்டனில் 1920-ஆம் ஆண்டின் சாலைச் சட்டம், வண்டி வரியை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே நிதியில் சேர்த்தது. வண்டி எங்கே இருந்தாலும் பணம் ஒரே பெட்டிக்குப் போயிற்று. ஆகவே இடம் பெயர்ந்தால் எண்ணை மாற்றவேண்டிய அவசியம் அங்கே எழவில்லை. இந்தியாவிலோ, சென்னையில் ஓடும் வண்டியின் வரி சென்னைக்கும், பம்பாயில் ஓடும் வண்டியின் வரி பம்பாய்க்கும் உரியதாயிற்று. எனவே, வண்டி எந்த மாகாணத்தில் குடியிருக்கிறது என்பதைக் கண்டறிந்து குறித்துவைக்கும் தேவை பிறந்தது. வெறும் அடையாளமாயிருந்த எண், குடியுரிமைச் சீட்டைப் போன்ற தன்மையை அடைந்தது.

1939-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய மோட்டார் வண்டிச் சட்டம் இவ்விரு தேவைகளையும் சேர்த்துப் பிணைத்தது. ஒரு மாகாணத்தில் பதிவான வண்டி நாட்டின் எப்பகுதியிலும் ஓடலாம். வேறெங்கும் மீண்டும் பதியத் தேவையில்லை என்று அது ஒருபுறம் கூறிற்று. மறுபுறம், வண்டி வேறொரு மாகாணத்துக்கு மாறி அங்கேயே நெடுநாள் நிறுத்திவைக்கப்பட்டால், அம்மாகாணத்தின் புதிய பதிவுக் குறியைப் பெறவேண்டும் என்றும் விதித்தது. வழிப்போக்கனாக வந்தால் யாரும் கேளார். குடியேறினால் கணக்குக் காட்டவேண்டும் என்பதே இதன் கருத்து. இக்கொள்கை அன்று முதல் இன்றளவும் மாறவில்லை.

அச்சட்டத்தின்கீழ் வழங்கிய எழுத்துக்களை மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பர். எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கினால் சென்னை, எம்.ஒய். என்றால் மைசூர், பி.எம். என்றால் பம்பாய்; டி.எல். என்றால் டில்லி, டபிள்யூ.பி. என்றால் மேற்கு வங்காளம். வட நாட்டு வீதியில் எம்.எஸ். என்ற எழுத்துக்களைக் கண்டால், வண்டியில் இருப்பவர் நம்மவராயிருக்கலாம் என்று தமிழில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது அந்நாளைய வழக்கம். வரி வசூலுக்காக ஏற்பட்ட குறி, ஊர்ப்பாசத்துக்கும் அடையாளமாகிவிட்டது.

நாடு விடுதலை பெற்றுக் குடியரசானபின், சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. பொதுச் சட்டம் அங்கும் பரவியது. அரசியலமைப்பு பழைய ஏற்பாட்டை மேலும் உறுதிப்படுத்திற்று. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனம், வாகனங்களின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. பொதுப்பட்டியலின் 35-ஆம் இனம், இயந்திரத்தால் ஓடும் வாகனங்களைப் பற்றியும், அவற்றின்மீது வரி விதிப்பதற்கான கொள்கைகளைப் பற்றியும் சட்டம் செய்ய மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்தே அதிகாரம் வழங்கியது. அதாவது, பதிவு நாடு முழுவதற்கும் பொது. வரி மாநிலத்துக்கு உரியது. இவ்விரண்டு வாக்கியங்களை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் எல்லாச் சிக்கல்களும் எளிதில் விளங்கும்.

இந்த இரட்டை ஏற்பாடு நீதிமன்றத்தில் விரைவிலேயே சோதிக்கப்பட்டது. அஜ்மீர் தனி மாநிலமாயிருந்த காலத்தில், அங்கிருந்து ராஜஸ்தான் எல்லைக்குள் புகுந்து செல்லும் வண்டிகளுக்கு ராஜஸ்தான் அரசு வரி கேட்டது. வாணிபமும் போக்குவரத்தும் இந்தியா முழுதும் தடையின்றி நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 301-ஆவது பிரிவு கூறுகிறதே என்று போக்குவரத்து நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தனர். 1962-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சாலைகளைப் பயன்படுத்துவதற்கு ஈடாகப் பெறும் வரி, போக்குவரத்துக்குத் தடை ஆகாது. அது போக்குவரத்துக்கு உதவுவதே ஆகும் என்று கருதிற்று. 2016-ஆம் ஆண்டில் 9 நீதிபதிகள் அமர்ந்த ஆயம் இந்த "ஈட்டு வரி" என்னும் தத்துவத்தைக் கைவிட்டது. எனினும், பாரபட்சம் காட்டாத வரியை விதிக்க மாநிலங்களுக்கு உள்ள உரிமையை அது நிலைநிறுத்தியது.

இதற்கிடையே மாநில எல்லைகளே மாறின. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் முதல் தேதியன்று மலபார் கேரளத்தோடும், தென் கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. கன்னியாகுமரி சென்னையோடு சேர்ந்தது. கோழிக்கோட்டில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்ற சென்னை வண்டி, ஓர் அங்குலமும் நகராமலே வேற்று மாநிலத்து வண்டியாயிற்று! 1969 ஜனவரி 14-ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்ற பெயரை ஏற்றபின், டி.என்., டி.எம். என்று தொடங்கும் குறிகள் வழக்கத்துக்கு வந்தன. 2014-ஆம் ஆண்டில் தெலங்கானா பிறந்தபோதும் இத்தகைய மாறுதலையே கண்டோம்.

அக்காலத்தில் கார்கள் அரியவை. அம்பாஸிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய சிலவற்றையே மக்கள் அறிந்திருந்தனர். புதிய காருக்கு எழுதிவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தமையால், ஓட்டிய வண்டிக்கும் நல்ல கிராக்கி இருந்தது. பதிவேடுகளோ கையால் எழுதிய பெரும் புத்தகங்கள். ஓர் ஊரில் பதிவான வண்டியைப் பற்றி மற்றோர் ஊர் அலுவலகம் அறியவேண்டுமானால், கடிதம் எழுதி விடைக்குக் காத்திருக்கவேண்டும். வரியைக் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை செலுத்திய நாட்கள் அவை. ஆகவே மாநிலம் மாறுகிறவர் அங்கே கட்டுவதை நிறுத்திக்கொண்டு இங்கே கட்டத் தொடங்கினார். தாமதம் இருந்தது, பெரும் பணச்சுமை இல்லை.

1988-ஆம் ஆண்டில் இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு டி.என்., கர்நாடகத்துக்கு கே.ஏ., மகாராஷ்டிரத்துக்கு எம்.எச்., கேரளத்துக்கு கே.எல். என்று மாநிலத்துக்கு ஒரே குறியும், அதனை அடுத்து அலுவலகத்தைக் காட்டும் எண்ணும் அப்போதே ஏற்பட்டன. இச்சட்டத்தின் 46-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுதும் செல்லும் என்கிறது. 47-ஆம் பிரிவு, வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருக்கப்படும் வண்டிக்குப் புதிய குறி வேண்டும் என்கிறது. 1939-ஆம் ஆண்டில் முடிந்த அதே உடன்படிக்கைதான் புதிய உடையில் நிற்கிறது.

எனினும், ஒரு பெரிய மாறுதல் வேறு திசையிலிருந்து வந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொந்தக் கார்களுக்கு வாழ்நாள் வரியை விதிக்கத் தொடங்கின. ஆண்டுதோறும் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம் என்ற வகையில் இது மக்களுக்கு நன்மையே. ஆனால் 15 ஆண்டுகளுக்கு உரிய தொகையை முதல் நாளிலேயே ஒரு மாநிலத்தில் கட்டிவிட்டு, ஐந்தாம் ஆண்டில் வேறு மாநிலத்துக்கு மாறுகிறவரின் நிலை என்ன? புதிய மாநிலம் எஞ்சிய காலத்துக்கு வரி கேட்கிறது. பழைய மாநிலமோ, அங்கே மறுபதிவு ஆன ஆதாரத்தைக் கண்டபிறகே எஞ்சிய தொகையைத் திருப்பித் தருகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரே வண்டிக்கு இரு மாநிலங்களில் பணம் முடங்குகிறது. மாற்றல் உத்தியோகத்தில் இருப்போருக்கு இன்று நேரும் இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. மறுபதிவில் அன்று, வாழ்நாள் வரியில்.

வரி வேறுபாடு இருக்குமிடத்தில் அதைத் தவிர்க்க முயல்வோரும், அதைத் தடுக்க முயலும் அரசும் தோன்றுவது இயற்கை. வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்காகத் தமிழ்நாடு 1990-ஆம் ஆண்டில் நுழைவு வரிச் சட்டம் ஒன்றைச் செய்தது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தபோது நுழைவு வரிகள் அதில் அடங்கின. அதே 2017-ஆம் ஆண்டில், கேரளத்தில் வாழ்வோர் சிலர் வரி குறைந்த புதுச்சேரியில் முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த செய்தி பெரும் விவாதமாயிற்று. கர்நாடகம் 2014-ஆம் ஆண்டில், வேற்று மாநில வண்டி 30 நாட்களுக்குமேல் தங்கினாலே வாழ்நாள் வரி செலுத்தவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. பெங்களூரில் வேலை பார்த்த நம்மவர் பலரை அது பாதித்தது. மத்தியச் சட்டம் 12 மாதம் தருகையில் மாநிலம் அதை 30 நாளாகச் சுருக்கலாகாது என்ற வாதத்தை ஏற்று, 2016-ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது.

இனி, இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். டில்லியில் பதிவான ஒரு காரை மதுரையில் வசிக்கும் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தேவைப்படுவது, டில்லிப் பதிவு அதிகாரி தரும் தடையின்மைச் சான்று. "ஆட்சேபணை இல்லை" என்று பொருள்படும் இச்சொல்லைக் கேட்டால் வெறும் சம்பிரதாயம் போலத் தோன்றும். அலுவலக மொழியை நாள்தோறும் பெயர்த்தெழுதுவோர்கூட அதன் உட்பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டத்தின் 48-ஆம் பிரிவு அதை விளக்குகிறது. வண்டி திருடப்பட்டது என்ற வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறையின் எழுத்துமூல அறிக்கையைப் பெறவேண்டும். சாலை வரி உட்பட அரசுக்குச் சேரவேண்டிய தொகை எல்லாம் செலுத்தப்பட்டிருப்பதைச் சரிபார்க்கவேண்டும். அதன்பின்னரே சான்று தரவேண்டும். ஆகவே, அது வாங்குபவரைக் காக்கும் கேடயம். சான்று இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

சான்றுக்கான விண்ணப்பம் 28-ஆம் படிவம். அதிகாரி 30 நாட்களுக்குள் தரவேண்டும், அல்லது மறுப்பதற்குரிய காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். இரண்டும் செய்யாவிடில் சான்று தந்ததாகவே சட்டம் கொள்ளும். உரிமை மாறியதை விற்றவர் 29-ஆம் படிவத்திலும், வாங்கியவரும் விற்றவரும் சேர்ந்து 30-ஆம் படிவத்திலும் தெரிவிக்கவேண்டும். வண்டியின்மீது வங்கிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் படிவம் வேண்டும். புதிய குறிக்கு 27-ஆம் படிவம். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். வண்டியின் சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பணம் கொடுக்குமுன் நேரில் பார்த்துக்கொள்வது நலம். பதிவுக் குறி மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். இவ்விரு எண்களே வண்டியின் மாறாத பிறப்புக் குறி.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. 12 மாதம் என்ற தவணை, தமது சொந்த வண்டியோடு இடம் பெயர்ந்தவருக்கு உரியது. வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு அத்தவணை இல்லை. 50-ஆம் பிரிவின்படி, வாங்கிய 30 நாட்களுக்குள் தாம் வசிக்கும் பகுதியின் பதிவு அதிகாரிக்கு அவர் அறிவிக்கவேண்டும். வண்டி வேற்று மாநிலத்தில் பதிவானதாயின், விற்றவரும் 45 நாட்களுக்குள் தடையின்மைச் சான்றுடன் தெரிவிக்கவேண்டும். "ஓராண்டு வரை ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று தரகர் கூறினால், அவர் ஒருவருக்குரிய சலுகையை மற்றொருவருக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று அறிக.

பெயர் மாற்றத்தைப் பற்றி விற்பவரும் அலட்சியமாயிருக்கலாகாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின்முன் ஒரு வழக்கு வந்தது. ஒரு கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது. பதிவேட்டிலோ முதல் உரிமையாளரின் பெயரே நின்றது. இந்நிலையில் விபத்து நேர்ந்தது. யார் இழப்பீடு தரவேண்டும்? பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் சிக்கியவர், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலையும்படி விடலாகாது என்பதே அதன் நியாயம். டில்லியில் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பி நிம்மதியாயிருக்கும் முதியவருக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்த விபத்துக்காக நீதிமன்றத்தின் ஓலை வரலாம். பணம் கைக்கு வந்ததோடு விற்பனை முடிந்ததென்று எண்ணுவது பேதைமை.

தலைநகர் வட்டாரத்தில் வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. காற்று மாசைக் குறைப்பதற்காக, 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை அமல் செய்யுமாறு பணித்தது. அதனால் ஒன்பது வயதான நல்ல டீசல் வண்டிகள் பிற மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டன. அவற்றின் விலை குறைந்ததற்குக் காரணம் இயந்திரத்தில் இல்லை, சட்டத்தில் இருந்தது. இவ்விதிகள் பின்னரும் நீதிமன்றத்தில் ஆராயப்பட்டுவந்துள்ளன. ஆகவே வாங்கும் நாளில் எது நடப்பு என்பதையும், குறிப்பிட்ட வண்டிக்கு நமது மாவட்டத்தின் பெயரில் தடையின்மைச் சான்று கிடைக்குமா என்பதையும் கேட்டறிந்த பின்னரே முன்பணம் தரவேண்டும். ஊரில் கட்டவேண்டிய வரியையும் முன்னதாகவே கணக்கிட்டு விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று தோன்றியது மலிவுதானா என்பது தெரிந்துவிடும்.

இடம் பெயர்வோரின் இடர் அரசினரின் காதுக்கும் எட்டியது. 2021 ஆகஸ்டில் வெளியிடப்பட்டு, செப்டம்பர் 15-ஆம் நாள் அமலுக்கு வந்த பாரத் வரிசை என்னும் பி.எச். குறி இதற்கு ஒரு பரிகாரம். படைத்துறையினர், மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர் ஆகியோர் இதைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளுக்காகச் செலுத்தினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. 2022 டிசம்பரில் செய்த திருத்தங்களால், முன்பே வேறு குறியில் பதிவான வண்டியையும் தகுதியுள்ளோர் இவ்வரிசைக்கு மாற்றிக்கொள்ள வழி ஏற்பட்டது. ஓட்டிய வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர் அரசிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதிகளும் அம்மாதத்திலேயே வெளியாகி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. கையெழுத்துப் பதிவேடுகளின் இடத்தை வாஹன் என்னும் கணிப்பொறிப் பதிவேடு பிடித்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக்குமுன் பிரிட்டன் கண்ட "வண்டிக்கு ஒரே எண்" என்ற நிலையை நோக்கி நாம் சுற்றுவழியாகத் திரும்பி வருகிறோம் என்று சொல்லலாம். ஆனால் பி.எச். வரிசை சிலருக்கே உரியது. சிறு கடை நடத்துவோருக்கும், கூலி வேலை செய்வோருக்கும், ஓய்வு பெற்றோருக்கும் பழைய பாதையே இன்றும் பாதை.

இந்தியா ஒரே நாடு என்பதை 46-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலங்களுக்கும் தத்தம் உரிமை உண்டு என்பதை 47-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டிற்கும் நடுவே நிற்பவர் சாதாரணக் குடிமகன். பயணியாக அவர் எங்கும் போகலாம். குடியிருப்பவராக ஓரிடத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டும். வண்டிக்கு விதித்த இந்நியதி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் ஓரளவு பொருந்தும். ஆகவே வண்டியின் காகிதங்களைச் சுமையாகக் கருதாமல், நமது உரிமைக்குச் சாட்சியாகக் கருதி ஒழுங்காகச் செய்து முடிப்போமாக. சாவி கைமாறும் நாள் ஒன்று. பதிவேட்டில் பெயர் மாறும் நாள் மற்றொன்று. வண்டி உண்மையில் நமதாவது அந்த இரண்டாம் நாளில்தான்.